விளையாடாதவனுக்கு இரண்டு ரீபவுண்ட்

அமெரிக்காவில் இரவு ஆடுகிற கூடைப்பந்து, கற்பிட்டிப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்குக் காலைத் தேநீர் நேரத்தில் நடக்கும். யார் பந்தைப் போட்டார், யார் தவறவிட்டார், வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை யார் பிடித்தார் என்று ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் கணக்கு ஏற்றுவது என் வேலை. திரும்பி வரும் பந்தைப் பிடித்தால் அதற்குப் பெயர் ரீபவுண்ட். கொழும்பில் ஒரு கம்பனி கணினியும் தந்து சம்பளமும் தந்தது. வீட்டில் இருந்தபடியே உழைக்கிறாள் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். கட்டைக் காற்சட்டை போட்ட ஆம்பிளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறதுக்கும் சம்பளமோ என்று கேட்டவர்களும் உண்டு.

கூடைப்பந்து எனக்கு அண்ணனால் வந்தது. யாழ்ப்பாணத்தில் அவர் பள்ளிக்கூட அணியில் விளையாடினார். தனியாக நின்று பந்தை எறிவதற்கு முன்னால் உள்ளங்கையால் சப்பாத்தின் அடியைத் துடைப்பார். அம்மா அதற்கு ஏசுவார்.

"ஊத்தைக் கையோட சோத்துப் பானைப் பக்கம் வந்தியோ, முறிச்சுப் போடுவன்."

சண்டைக் காலத்தில் நாங்கள் புத்தளம் கரைக்கு வந்து குடியேறினோம். அண்ணன் வேலை அலுவலாக வன்னிக்குப் போனார். சண்டையால் திரும்பி வரும் பாதை மூடியது. சண்டை முடிந்தது. அவர் வரவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேலும் தெரிந்ததுபோலக் கதைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் மாதா கோயிலில் நவம்பர் தொடக்கத்தில் சகல ஆத்துமாக்களின் திருநாள் வரும். ஒவ்வொரு வீடும் தன் செத்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும். பங்குச் சுவாமி பூசையில் அவற்றை உரத்து வாசிப்பார். எங்கள் வீட்டுத் தாளில் அப்பாவின் பெயர் மட்டும் இருக்கும். ஒக்டோபர் வந்தாலே அம்மா தொடங்கிவிடுவார்.

"என்ர பிள்ளை பூசை இல்லாமல் அலையுறான். இந்த முறையெண்டாலும் பேரைக் குடுப்பம்."

அண்ணனின் மனைவி எங்களோடுதான் இருந்தார். அண்ணி குரலை உயர்த்தவே மாட்டார்.

"உடம்பைக் காணாமல் நான் குடுக்கமாட்டன் மாமி."

அதோடு இருவருக்கும் கதை நின்றுவிடும். வீட்டில் உப்பு முடிந்த செய்திகூட என் வழியாகத்தான் போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். வருடா வருடம் அந்த மத்தளம் நான். ஆனாலும் பழகிப்போய்விட்டது. திருநாள் முடிந்ததும் இருவரும் ஒரே சுளகில் அரிசி புடைப்பார்கள்.

அமெரிக்க ஆட்டங்களும் ஒக்டோபர் கடைசியில்தான் தொடங்கும். ஒரு வருட ஆட்டங்களில் நெடிய ஒருவனைக் கவனித்திருந்தேன். அவனும் எறிவதற்கு முன் சப்பாத்தைத் துடைப்பான். அவன் திரையில் வந்தால் தேநீரைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடத்தின் முதல் ஆட்டத்தில் அவனைக் கண்டேன். குனிந்து சப்பாத்தைத் துடைத்தான். வளையத்துக்குக் கீழே எழும்பிப் பந்தைப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் பிடித்தான். இரண்டையும் அவன் கணக்கில் ஏற்றினேன். ஆட்டம் முடிந்து நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து மேற்பார்வையாளர் அழைத்தார்.

"அக்கா, நீங்க ரெண்டு ரீபவுண்ட் குடுத்திருக்கிற ஆள் இன்னைக்கு விளையாடவே இல்ல. முழங்கால் நோவாம். கோட் போட்டுக்கொண்டு வாங்கில இருந்தவர்."

"நான் கண்டனான்," என்றேன்.

"வீடியோவ இன்னொருக்கா பாருங்கக்கா."

பார்த்தேன். பந்தைப் பிடித்தவன் குள்ளன், தாடிக்காரன், முதுகில் வேறு இலக்கம். அவன் சப்பாத்தைத் தொடவேயில்லை. நெடியவன் கரையில் போட்ட வாங்கில் கோட்டோடு இருந்து பக்கத்தில் இருந்தவனோடு கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். திரும்பத் திரும்ப ஓட்டினேன். குனிந்ததை என் கண்ணால் கண்டிருந்தேன், ஆனால் அது வீடியோவில் எங்கேயும் இல்லை. பேய்க்கதை சொல்பவர்களை முகத்துக்கு நேரே கேலி செய்கிறவள் நான். அன்றைக்கு எனக்கு நல்ல பயம் வந்தது. இரண்டு பந்தையும் குள்ளனுக்கு மாற்றிவிட்டு, வீடியோவை மறுபடியும் ஓட்டினேன்.

"என்ன மச்சாள், ஏன் இதையே திருப்பித் திருப்பிப் பாக்குறீர்?"

அண்ணி எப்போது பின்னால் வந்தார் என்று தெரியாது. சொன்னேன். சப்பாத்துத் துடைத்ததையும் சொன்னேன். அண்ணி கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார். திரையில் அந்த இடத்தை ஒருமுறை பார்த்தார்.

"நான் அவரைக் கற்பிட்டிச் சந்தையில காணுறனான். புத்தளம் பஸ்ஸில முன் சீட்டில காணுறனான். ஆலங்குடாக் கடற்கரையில, பட்டம் கட்டிக் கடலில ஓடுற வெள்ளைக்காரருக்குக் கயிறு பிடிச்சுக்கொண்டு நிண்டவனை ஒருக்காப் பேர் சொல்லிக் கூப்பிட்டும் போட்டன்," என்றார். "இந்த வருத்தம் எனக்கு மட்டும்தான் எண்டு இருந்தன். உமக்கும் தொடங்கீற்றுதோ?"

எனக்கு அழுகை வந்தது. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

"வேண்டாம் மச்சாள். இந்த வருத்தத்துக்கு நான் ஒருத்தி காணும்."

அன்று பின்னேரம் அண்ணி தானே தாளை எடுத்து, அப்பாவின் பெயருக்குக் கீழே அண்ணனின் பெயரை எழுதினார். நேரே குசினிக்குப் போய் அம்மாவிடம் சொன்னார்.

"மாமி, குடுப்பம். எழுதிப் போட்டன்."

அம்மாவின் மனம் குளிரும் என்று நினைத்தேன். அவர் "ம்" என்றார். அரிவாளில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. முழங்கால் நோ என்றார், நானும் நம்பினேன்.

திருநாளன்று கோயில் நிறைந்திருந்தது. சுவாமி வீடு வீடாகப் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு முறை வந்தது. அப்பாவின் பெயர். அடுத்து அண்ணனின் முழுப்பெயர். அத்தனை வருடங்களாக யாரும் அந்தப் பெயரை அவ்வளவு உரத்துச் சொன்னதில்லை. அண்ணி முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்தார்.

அம்மா எழும்பி நின்றார்.

"சாமி, அது பிழை. அவன் சாகேல்லை. அந்தப் பேரை வெட்டுங்கோ."

சுவாமி வாசிப்பதை நிறுத்தினார். முன்வரிசைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. நான் அம்மாவின் கையைப் பிடித்து இருத்தப் பார்த்தேன். உதறிவிட்டு அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன் பிள்ளை விட்டனி?" என்றார். "நீ விடமாட்டாய் எண்டுதானே நான் வருசா வருசம் கேட்டனான்."