செவ்வாய்க்கிழமை ஓட்டம் இல்லை

என் மகள் பள்ளியில் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றதும், எனக்குக் கால் துறுதுறுத்தது. ஆறாம் வகுப்பில் நானும் இப்படித்தான் வந்து நின்றேன்.

ஜவ்வாது மலையில் ஓடுவதற்கு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடு சாமைக் கொல்லையில் இறங்கினால் கால் தானாக ஓடும். அதனால், போட்டி கீழே கலசப்பாக்கத்தில் என்றதும் முதல் பரிசு எனக்குத்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். விடிந்ததும் வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் இறக்கத்தில் தலைதெறிக்க ஓடுவேன். காற்று காதில் இரையும், பறப்பதுபோல இருக்கும். ஒரே வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலித்தது. சொன்னால் நிறுத்திவிடுவார்களே என்று வாயைத் திறக்கவில்லை.

சித்தி கண்டுபிடித்துவிட்டாள். அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். பள்ளி நாளில் அவளும் ஓடினவளாம். ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, இறக்கம் வந்தால் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்குவாள்.

அதட்டப்போகிறாள் என்று பார்த்தால், "முருகனுக்கு ஒரு வேண்டுதல் வச்சிருக்கேன். எனக்குப் பதிலா நீ ஓடணும்" என்றாள்.

சாமி காரியம், மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஆனால் அந்த வேண்டுதலுக்கு ஏகப்பட்ட நிபந்தனை. வலி போன பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும், வலியோடு போனால் சாமி ஏற்றுக்கொள்ள மாட்டார். இறக்கத்தில் கூடாது, ஏரிக்கரை மண்பாதையில் கோயில் வரைக்கும்தான். போகும்போது "முருகா முருகா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கிச் சொல் அறுந்தால் நடக்க வேண்டும். வெள்ளியும் செவ்வாயும் ஓட்டமே கிடையாது.

"செவ்வாக்கிழமை முருகனுக்கு விசேஷமாச்சே சித்தி?"

"அதான். அன்னிக்கு அவருக்கு ஊருப்பட்ட கூட்டம். உன்னைப் பாக்க அவருக்கு எங்க நேரம்?"

ஏரியில் துணி துவைத்தவர்கள் சிரித்தார்கள். "இன்னாடி, இது ஓட்டமா பஜனையா?" எனக்கு மானம் போயிற்று. ஆனால் சில வாரத்தில், கோயில் வரைக்கும் ஒரு முருகாகூட அறுபடவில்லை.

பந்தயத்தன்று மைதானத்தைப் பல சுற்று சுற்ற வேண்டும். விசில் ஊதியதும் மற்ற பிள்ளைகள் பாய்ந்துவிட்டார்கள். நான் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே போனேன். மூன்றாவது சுற்றில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்து இன்னொருத்தி. எனக்கோ மூச்சு மிச்சம் இருந்தது. கடைசிச் சுற்றில் முருகனை மனசுக்குள் வைத்துக்கொண்டு காலை விட்டேன் பாருங்கள், வேலியோரம் சித்தி முட்டியை மறந்து குதித்ததை இப்போதும் பார்க்கிறேன்.

மூன்றாவதாக வந்தேன்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அடக்க முடியாமல் கேட்டேன். "இன்னா சித்தி, உன் வேண்டுதல் பலிக்கலையே."

சித்தி கீழே உட்கார்ந்து என் காலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். "இங்க வலிக்குதா?"

"இல்ல."

"முட்டியில?"

"இல்ல."

"அப்ப பலிச்சிடுச்சு" என்று மலைப்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

போயும் போயும் மூன்றாம் பரிசுக்கா ஒருத்தி சாமியிடம் வேண்டிக்கொள்வாள் என்று, மலை ஏறும்வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை.