வாசலுக்கு ஒரு ரீத்

நான் செய்த பூக்களில் தப்பாகிப்போனவை நிறைய உண்டு. இதழ் கிழியும், பசை வழியும், சிவப்பு காய்ந்ததும் கருத்துப்போகும். ஆனால் பூவெல்லாம் சரியாக வந்தும் தப்பாகிப்போனது ஒன்றே ஒன்றுதான். தப்பு என் பேரிலா, ஒரு சொல்லின் பேரிலா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

முன்பு தி.நகரில் கல்யாண மேடை அலங்கார வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முட்டி தேய்ந்து ஏணி ஏற முடியாமல் ஆனதும், மந்தைவெளி வீட்டில் உட்கார்ந்து கிரேப் காகிதத்தில் பூ செய்ய ஆரம்பித்தேன். சுருக்கம் சுருக்கமாக இருக்கும், இழுத்தால் நீளும், அந்தக் காகிதம். வீட்டில் ஜாடியில் வைக்கிற பூ, வருகிறவர்கள் நிஜம் என்று நினைக்க வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு வழி உண்டு. ரோஜாவின் வெளி இதழ் ஓரத்தில் டீ டிகாக்ஷனைத் துளி தொட்டு வைப்பேன். லேசாக வாடத் தொடங்கிய மாதிரி ஆகிவிடும்.

அடையாறில் ஒரு வீட்டில் சிவப்பு ரோஜா கேட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த வீட்டு மருமகள் உள்ளே போயிருந்தார். சோபாவில் அவருடைய மாமனார் உட்கார்ந்திருந்தார். மொட்டைமாடியில் தொட்டி வைத்து நிஜ ரோஜா வளர்க்கிறவராம். ஒரு பூவை எடுத்து, இதழைக் கிள்ளிப் பார்த்தார்.

“இது நிஜமா?”

“பேப்பர் சார்.”

“நன்னா இருக்கே.” பூவைத் தலைகீழாகத் திருப்பினார். “ஆனா, ரோஜாவுக்கு அடியில பச்சை இதழ் அஞ்சு இருக்கும். நீங்க நாலு ஒட்டியிருக்கேள்.”

குறையாகச் சொல்லவில்லை. சட்டையில் ஒரு பொத்தான் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. திரும்பும் வழியில் மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் பூக்கடையில் ஒரு ரோஜாவை எடுத்து அடியில் எண்ணினேன். ஐந்துதான். “வாங்கறதுன்னா வாங்கு, எண்ணிக்கினு நிக்காத” என்றார் கடைக்கார அம்மா. இத்தனை காலமாக எத்தனை வீட்டு ஜாடிகளில் நாலோடு நிற்கிறதோ என்று மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெரியவர் மட்டும் மனதில் தங்கிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அந்த மருமகளிடமிருந்து போனில் ஒரு குரல் செய்தி வந்தது.

“அண்ணா, எங்க வீட்டு டோருக்கு ஒரு ரீத் வேணும். வெள்ளையும் பச்சையுமா, சிம்பிளா இருந்தா போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்குமா?”

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரீத் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். எங்கள் தெருவில் யாராவது போய்விட்டால் சங்கத்துக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்து கால்மாட்டில் சாத்தி வைப்பார்களே, வட்டமாக, அது. பேப்பரில் மலர்வளையம் என்று போடுவார்கள். செய்தியை மூன்று தடவை கேட்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவியும் கேட்டாள்.

“யாரு பூட்டாங்களாம்?”

“தெரிலயே.”

“கேளேன்.”

“செத்தது யாருன்னு எப்டிக் கேக்கறது?”

“வாயாலதான்.”

“டோருக்குன்னு வேற சொல்லுது அந்தப் பொண்ணு.”

“ஐஸ் பொட்டி டோரா இருக்கும்.”

“ஐஸ் பொட்டிக்கு ஏது டோரு? மூடிதான் கீது.”

“அப்ப நீயே குந்திக்கினு கண்டுபுடி” என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

கண்டுபிடிக்கப் பார்த்தேன். அந்த வீட்டில் மூன்று பேர். மருமகள்தான் பேசுகிறார். அவருடைய கணவருக்கு முப்பத்தைந்து இருக்கலாம். மிச்சம் ஒருவர்தான். ஆனால் குரலில் அழுகை இல்லை. அழுதுகொண்டா பூவுக்குச் சொல்வார்கள்? அவர்கள் வழக்கத்தில் ரீத் வைக்கமாட்டார்களே. ஆபீஸ்காரர்கள் வைக்கலாம். இன்றைக்குப் போனவருக்கு வெள்ளிக்கிழமை எதற்கு? வெளிநாட்டிலிருந்து யாராவது வரவேண்டுமோ என்னவோ. ‘மனசத் தேத்திக்கோங்கம்மா’ என்று எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். கடைசியில் ‘சரிம்மா, செஞ்சிடலாம்’ என்று மட்டும் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரலும் ஒரு இதயப் படமும் வந்தன. இதயம் வெள்ளை நிறத்தில் இருந்தது. அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

மூங்கில் சிம்பை வளைத்து வட்டம் கட்டினேன். வெள்ளைச் சாமந்தி, சம்பங்கி, நடுநடுவே இலை. மேலே ஒரே ஒரு வெள்ளை ரோஜா. அதற்கு அடியில் பச்சை இதழ் ஐந்து ஒட்டி, மூன்று தடவை எண்ணினேன். குறுக்கே ஊதா ரிப்பன் கட்டினேன். ரீத் என்றால் ரிப்பன் இல்லாமல் இருக்காது.

“பேரு எழுதலியா?” என்றாள் மனைவி.

“அவரு பேரு தெரியாது.”

ரோஜாவைத் தொட்டுப் பார்த்தாள். “நல்ல மனுசனாய்யா?”

“நாலு ஒட்டிக்கிறன்னு சொன்னாரு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ரீத்தைப் பெரிய கறுப்புக் கவரில் வைத்து, பஸ் ஏறினேன். தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் நாற்காலி போட்டிருக்கும், செருப்புகள் கிடக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டதோ, நான்தான் தாமதமோ என்று தோன்றியது. மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தது பெரியவர்.

அவர் சிரித்த முகமாக, “வாங்கோ, பூக்காரர்தானே?” என்று கவரை வாங்கினார். உள்ளே கைவிட்டு வெளியில் எடுத்தார். ஊதா ரிப்பனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான் சார்” என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியாது. நாலு நாளாக அவருக்கு என்று நினைத்தே கை செய்தது, வாயும் அப்படியே பழகிவிட்டது. மருமகள் ஈரக் கையோடு வந்தார். “அது டோருக்குப்பா. வெளிநாட்டுல வாசக்கதவுல அழகுக்கு மாட்டுவா. நாளைக்கு ஃபிரெண்ட்ஸ் எல்லாம் வராளே” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் ரிப்பனைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நான் எதையோ விளக்கப் பார்த்தேன். ரீத் என்றேன், ஐஸ் பெட்டி என்றேன், வெள்ளை இதயம் என்றேன். எனக்கே புரியாததை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

“எடுத்துனு போயிட்றேம்மா. வேற செஞ்சி குடுத்துட்றேன்.”

“இருங்கோ” என்றார் பெரியவர். ரோஜாவை விரலால் சாய்த்து அடியில் எண்ணினார். ஒவ்வொன்றாக உதடு அசைந்தது. “அஞ்சு” என்றார். பிறகு, “ரிப்பனை மட்டும் அவுத்துடுங்கோ. அதுக்கு இன்னும் நாளாகட்டும்.”

மருமகள் சிரிக்கவில்லை. “அப்பா, என்ன பேச்சு இது” என்றார். நான் முடிச்சை அவிழ்க்க அவிழ்க்க அது இறுகியது. எப்படியோ அவிழ்த்து, ரிப்பனைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு படி இறங்கினேன்.

உயிரோடு இருக்கிற மனிதர் கையில் ரீத்தைக் கொடுத்தாயிற்று. அது பலித்துவிட்டால்? பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருமுனைப் பிள்ளையாருக்குக் கற்பூரம் ஏற்றினேன். வீட்டில் சொன்னதும் மனைவி சிரித்தாள், பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“உசுரோட கீறாருல்ல, சந்தோசப்படேன்யா.”

“நான் குட்த்த நேரம் எதுனா ஆயிட்ச்சின்னா?”

“செத்துட்டாருன்னு பொரளி கெளம்பினா ஆயுசு கூடுமாம். அவுருக்கு நீ நல்லதுதான் செஞ்சிக்கிற.”

அப்போதைக்கு அது போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மருமகள் ஒரு படம் அனுப்பினார். தேக்குக் கதவில் வட்டம் தொங்கியது. நன்றாகவே இருந்தது. ஆனால் மேலே ரோஜா இருந்த இடத்தில் வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

“கொட்டியிருக்கும்” என்றாள் மனைவி.

“பேப்பர் பூ எங்கியாவது கொட்டுமா?”

கோபத்தில் பிய்த்தார்களா, வந்தவர்கள் யாராவது ஆகாது என்றார்களா, அவருக்கே ஏதாவது ஆகிவிட்டதா? கேட்டிருக்கலாம். முதலில் கேட்காததால்தான் இத்தனையும் என்று தெரிந்தும் கேட்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், கம்பிதான் பெரிதானது.

புதன்கிழமை அந்த எண்ணிலிருந்தே ஒரு குரல் செய்தி வந்தது. மருமகள் இல்லை. தொண்டையைச் செருமும் சத்தம் முதலில் கேட்டது.

“அந்த ரோஜாவை நான் எடுத்துண்டுட்டேன். எனக்குன்னுதானே சொன்னேள்? மேஜை மேல வச்சிருக்கேன். இப்போ கதவுல அந்த இடம் காலியா இருக்குன்னு இவ கோச்சுக்கறா. இன்னொண்ணு பண்ணி அனுப்புங்கோ.”

அவர் குரலை அடுத்தடுத்து இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். மனைவியையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அவர் நிறம் சொல்லவில்லை. பழையபடி வெள்ளையா? வெள்ளை வேண்டாம் என்றுதான் இன்னொன்று கேட்கிறாரா? சிவப்பு வைத்தால் வெள்ளை வட்டத்தில் பொட்டு மாதிரி தனியாகத் தெரியுமே.

“இந்தவாட்டியாவது கேளுய்யா” என்றாள் மனைவி.

கேட்டேன். பொத்தானை அழுத்தி, “சார், ரோஜா இன்னா கலரு?” என்றேன். உடனே பதில் வந்தது.

“உங்க இஷ்டம்.”

வெள்ளைச் சுருளும் சிவப்புச் சுருளும் இரண்டு நாளாக முன்னால் கிடக்கின்றன. பச்சை இதழ் ஐந்தை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன்.