கெடாவுக்கு எந்தக் காலம்?

வலென்சியா நகரத்து ஸ்பானிஷ் வகுப்பில் நான் செய்த ஒரு பிழையை என் ஆசிரியை இனெஸ் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். முன்பு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். "யா பீபோ என் கெடா" என்றேன். (அந்த 'என்' நம்முடைய 'என்' அல்ல, 'இல்' என்பதற்கு அவர்கள் சொல்; கெடா, மலேசியாவில் எங்கள் மாநிலம்.) அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "இப்போதா?" என்றார். கெடாவில் வாழ்ந்தாயிற்று என்று நான் சொன்னதாக நினைப்பு. இப்போது கெடாவில் வாழ்கிறேன் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது.

எங்கள் ஊர் சுங்கைப் பட்டாணிக்காரர்கள் யாரும் சிரிக்க வேண்டாம், நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள். மலாய் மொழியில் வினைச்சொல் எதற்கும் அசைந்து கொடுக்காது. முன்னால் ஒரு 'சுடாஹ்' போட்டால் காரியம் முடிந்துவிடும். பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்திலிருந்து நாங்கள் டவுனுக்குக் குடிவந்த புதிதில், சாப்பாட்டுக் கடை பாய் தமிழர்தான் என்றாலும், "சுடாஹ் மாக்கான், தம்பி?" என்றுதான் கேட்பார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். ஸ்பானிஷ் அகராதியில் 'யா' என்றால் 'ஏற்கெனவே' என்று பார்த்ததும், இவர்கள் ஊர் சுடாஹ் கிடைத்துவிட்டது என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இந்தமுறை மூன்று வார விடுப்பில் சுங்கைப் பட்டாணிக்கு, அக்கா வீட்டுக்கு வந்தபோது இனெஸ் கொடுத்த பயிற்சித் தாளும் பெட்டியில் வந்தது. அது ஒரு மொழித் தேர்வுக்கான பயிற்சி; அதில் தேறினால் நான் ஸ்பெயின் குடியுரிமை கேட்கலாம். மலேசியா இரண்டு குடியுரிமைக்கு இடம் கொடுக்காது. மலேசிய பாஸ்போர்ட்டை விட்டுவிட வேண்டும். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவளோ நான் திரும்பி வந்துவிடுவேன் என்று, பன்னிரண்டு வருடமாக என் பழைய மோட்டார் சைக்கிளை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கிறாள்.

கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து வந்தவள், தேத்தண்ணி கிளாசோடு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னடா அது, ஹோம்வர்க்கா? இந்த வயசுலயா?"

படித்துக் காட்டினேன். பேசினேன் என்றால் ஆப்லே, பேசினாய் ஆப்லாஸ்தே, பேசினார் ஆப்லோ.

"நம்ம தமிழு மாதிரியேதான்லா! வால மட்டும் மாத்துறாங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாள் மலாயைப் பிடித்துத் தொங்கினேனே தவிர, வாயிலேயே இருந்த தமிழ் நினைவுக்கு வரவில்லை. ஆனால் ஆப்லோவில் ஆண், பெண், மரியாதை என்ற வேறுபாடு கிடையாது என்றதும் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப மாமனாருக்கும் பேரனுக்கும் ஒரே வாலா? நல்லா இருக்கு போ!"

அடுத்த வரி வாழ்வது. "பிபீன்னா, நான் வாழ்ந்தேன்."

"கல்யாண வீட்டு பீப்பீ மாதிரி இருக்கு. சரி, நீ எங்க பிபீ?"

"கெடாவுல."

அவள் சிரிப்பு நின்றது. "வாழ்ந்தேன்னா, முடிஞ்சிருச்சுன்னா அர்த்தம்?"

பயிற்சிதானே என்று மழுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை. தேர்வு, குடியுரிமை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கிளாசைக் கழுவப் போனாள். ஒரு கிளாசை அவ்வளவு நேரம் கழுவ வேண்டியதில்லை.

திரும்பி வந்து, "நாமங்கிறதுக்கு என்ன வாலு?" என்றாள்.

"பிபீமோஸ்."

"வாழ்ந்தோமா, வாழ்றோமா?"

தாளைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டுக்கும் அதே சொல்தான். வகுப்பில் சொல்லியிருப்பார்கள், நான் கவனித்திருக்க மாட்டேன்.

"அப்ப அத எழுது. நான்னு எழுதாத."

எழுதினேன்: பிபீமோஸ் என் கெடா. இனெஸ் அதை இறந்தகாலம் என்று எடுத்துக்கொண்டு சரி போடுவார். அக்கா எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, என் மோட்டாரை ஸ்டார்ட் செய்ய வெளியே போனாள்.