நியூ ஜேர்சியில் அன்றைக்கு மழையாம்

இன்று கனடாவின் மொன்றியலில் தேவாலயப் பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் தேநீர்.

அலுமினியத்துக்கு அமெரிக்கா போட்ட வரியைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த வரியால்தான் எங்கள் தொழிற்சாலையில் என் வேலைநாட்கள் குறைந்தன. அதனால் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே வாஷிங்டன் செய்தி பார்ப்பவன் நான்.

அப்போது, ஒரு ஞானஸ்நானத்துக்காக நியூ ஜேர்சியிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகன் உள்ளே வந்தான். எல்லோரும் என்னை அப்படியே விட்டுவிட்டு அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“தம்பி, நீர் அங்கையே இருக்கிற ஆள். சொல்லும், இந்த வரியை எடுப்பினமோ?”

அவன் ரோல்ஸைக் கடித்தபடி, “என்ன வரி?” என்றான்.

அதற்கும் ரசித்துச் சிரித்தார்கள். பெடியன் அடக்கமானவனாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நீ அமெரிக்கன் சிட்டிசன் எல்லே? போன எலெக்ஷனுக்கு வோட் போட்டனியோ?”

“இல்லை அண்ணை. அண்டைக்குச் சரியான மழை.”

மழை!

அந்த ஒரு வாக்கு என்னிடம் இருந்திருந்தால் பனிப்புயலிலும் தவழ்ந்து போயிருப்பேன்.

“அடுத்தமுறை நீங்களே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோவன்,” என்றான்.

வரி நீங்கும்வரை அமெரிக்க மண்ணை மிதிப்பதில்லை என்று இதே மண்டபத்தில் சபதம் போட்டவன் நான்.

தேர்தலன்று போய் அவனிடம் ஒரு குடையை மட்டும் கொடுத்துவிட்டு உடனே திரும்பினால் சபதம் முறிந்ததாகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.