தண்ணீர் குடித்த ஃபோம்

மேட்டூர் அணைத் தண்ணீர் ஏறி நிற்கும் எங்கள் துறையில், நானும் மச்சானும் கூட்டாக ஒரு பழைய ஃபைபர் படகு ஓட்டுகிறோம். மச்சான் என் மனைவியின் அண்ணன். காலையில் அக்கரைக்குக் களை வெட்டப் போகும் பெண்களில் என் மனைவியும் ஒருத்தி. அவளுக்கு நீச்சல் தெரியாது.

படகுத் தரைக்கு அடியில் ஃபோம் அடைத்திருக்கும். உள்ளே தண்ணீர் நிறைந்தாலும் படகு முழுகாமல் நிற்பது அதனால்தான். ஏழாம் வகுப்போடு நின்றவன் நான், ஆனால் இது தெரியும். இரண்டு வருஷமாகப் படகு தாழ்ந்துகொண்டே வந்தது. பக்கவாட்டில் அடித்த சிவப்புக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டது. சொன்னேன். “உங்க பயத்தயும் சேத்து ஏத்திக்கிறோமே மாப்ள, அந்த வெயிட்டுதான்” என்றார் மச்சான். படகில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். என் மனைவியும்.

ஆடியில் கீறல் ஒட்டுவதற்காகக் கரையேற்றினோம். நாலு பேர் தூக்குகிற படகை ஏழு பேர் இழுக்க வேண்டியிருந்தது. அன்றே தரையை அறுத்துத் திறந்தேன். ஃபோம் ஊறிப் பழுத்துக் கிடந்தது. கையால் அழுத்தினால் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. இதன்மேல்தான் இரண்டு வருஷம் அவளை உட்காரவைத்து அனுப்பியிருக்கிறேன். மச்சான்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெயிலில் காயப்போட்டுத் திரும்ப அடைத்துவிடலாம் என்றார் மச்சான். நாலு நாள் காயப்போட்டார். அந்த ஃபோமில் ஒரு துண்டை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டேன். முழுகியது. மறுநாள் டிவி பெட்டியில் வந்த தெர்மாகோலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் எதிரிலேயே அதன்மேல் பெட்ரோல் ஊற்றினேன். கரைந்து கூழானது. இஞ்சின் பெட்ரோல் சிந்தாத நாள் உண்டா எங்கள் படகில்?

“மச்சான், அதுல உக்காந்து போறது உங்க தங்கச்சிங்க” என்றேன்.

மச்சான் படகருகே போனார். அறுத்தெடுத்த தரைத் துண்டைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தார். அதில் வரிசையாக ஓட்டைகள், வெளிச்சம் தெரிந்தது.

“ஆயுத பூஜைக்கு வாழமரம் சாயக்கூடாதுன்னு இந்த ஓட்டைய போட்டது யாருங்க மாப்ள?”

நான்தான். வருஷாவருஷம் மரத்தை நிறுத்தத் தரையில் திருகாணி முடுக்கி, பழைய ஓட்டை லூசானால் பக்கத்தில் புதிது போட்டேன். எதற்கெல்லாமோ பயந்தவன், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும் என்று ஒரு நாளும் பயப்படவில்லை. கோபம் அடங்கியதா என்றால் இல்லை. அவர்மேல் இருந்தது அப்படியே இருக்க, என்மேலும் அதே அளவு சேர்ந்துகொண்டது.

இரண்டு டின் மருந்தைக் கலந்து ஊற்றினால் பொங்கி இறுகும் ஃபோமைப் பென்னாகரத்தில் சொல்லி வரவழைத்தேன். ஊற்றித் தரையை மூடி, ஓட்டை ஒவ்வொன்றையும் ஃபைபர் வைத்து ஒட்டினேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. இடுப்பு ஆழத்தில் இறக்கி, வாளி வாளியாக ஊற்றிப் படகை நிறைத்தேன். மச்சான் திட்டிக்கொண்டே அவரும் ஊற்றினார். விளிம்பு தண்ணீருக்கு மேலேயே நின்றது. அழுத்திப் பார்த்தோம், எழுந்தது.

மச்சான் வருத்தம் தெரிவிக்கவில்லை. நானும் இல்லை. களைக்கொத்தோடு வந்த என் மனைவி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

“வேலைக்கு நேரமாவுது. இவ்ளோ தண்ணியயும் யாரு மொள்றது?”

இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளி எடுத்து மொண்டோம்.