மணமில்லாத கரி

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்குச் சொப்பனம் என்றே பெயர் விழுந்துவிட்டது. கூப்பிட்டால் ஒரு மூச்சு தாமதித்துத்தான் திரும்புவாள். வேலையில் மட்டும் பிசகு கிடையாது. ஊரார் கழித்த கசடு வெயிலில் காய்ந்து வறட்டி மாதிரி வரும். அதை இரும்பு உலைக்குள் தள்ளி, காற்று புகாமல் மூடிச் சூடேற்றுவாள். சாம்பலாகாமல் கரியாகிவிடும். உலையின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தால் அந்தச் செவ்வொளியில் ஊரே தெரியும் அவளுக்கு. யார் யாரோ குளித்தது, தின்றது, அழுது முகம் கழுவியது எல்லாம் மெல்லக் கனன்று, இன்னார் வீட்டுது என்ற பேதமில்லாமல் கறுத்து அடங்கும்.

வீட்டில்தான் அந்தக் கரிக்கு மரியாதை இல்லை. கொல்லையில் நாத்தனார் செவ்வந்தி போட்டிருந்தாள். இறுகிப்போன மண், ஊற்றிய தண்ணீர் மேலாகவே வழிந்தோடிவிடும். சொப்பனம் ஒரு மூட்டை கரியைக் கொண்டுவந்து இறக்கியதும் நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“ஊர் வயித்துல போனதெல்லாம் என் செடி தலையிலயா அண்ணி?”

“பரிசோதனை பண்ணிட்டாங்கம்மா. பூச்செடிக்குப் போடலாமாம்.”

“பண்ணினவங்களே போட்டுக்கட்டும்.”

பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வந்த கணவன் இருவரையும் பார்த்தான். “மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. நான் குளிக்கப் போறேன்,” என்று நழுவிவிட்டான். மூட்டை சுவரோரம் கிடந்தது.

ஒருநாள் சொப்பனம் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போக, நாத்தனார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிலையத்துக்கே எடுத்து வந்தாள். அப்போதுதான் உலையிலிருந்து கொட்டிய கரிமேல் தண்ணீர் தெளித்தார்கள். புஸ்ஸென்று வெள்ளை ஆவி எழுந்து இருவரையும் மூடியது. அதற்குள் நின்றபடி நாத்தனார் மெல்ல முந்தானையை எடுத்தாள்.

“ஒண்ணுமே நாறலையே அண்ணி. அந்த நாத்தமெல்லாம் எங்க போச்சு?”

“நெருப்பு தின்னுடுச்சு.”

அன்று மாலையே நாத்தனார் யாருக்கும் சொல்லாமல் மூட்டையை அவிழ்த்துப் பாதிப் பாத்தியில் கொத்திவிட்டாள். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு காட்டிக்கொடுத்தது. சொப்பனம் கண்டும் காணாதவளாக இருந்தாள். ஆனால் கொஞ்ச நாளிலேயே அந்தப் பாதிச் செடிகள் வெளிறிப்போயின.

“உங்களை நம்பினேன் பாருங்க!”

சொப்பனத்துக்கு முகம் செத்துவிட்டது. மறுநாள் நிலையத்தில் மண் பரிசோதிக்கும் அம்மாவிடம் போய்க் கேட்டாள். “வெறும் கரிக்குப் பசி ஜாஸ்தி. மண்ணுல இருக்கிற சத்தைத் தானே இழுத்துக்கும். முதல்ல மக்கின உரத்தோட கலந்து ஊற வச்சுட்டுப் போடுங்க,” என்றார் அவர்.

“கரிக்குக்கூடப் பசியா!” வீட்டில் அதைக் கேட்டதும் நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் பாதி அதிலேயே போயிற்று. இருவருமாக உரமும் கரியும் பிசைந்து, ஈரச் சாக்கு போட்டு மூடி, ஊறட்டும் என்று விட்டார்கள். பிறகு அதை அதே பாதியில் போட்டுப் புது நாற்று வைத்தார்கள்.

கோடை வந்தது. கரி கலந்த பாத்தி தண்ணீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொண்டது. மற்றப் பாதி சுருண்டபோதும் இந்தப் பக்கம் செவ்வந்தி மஞ்சள் மஞ்சளாக மலர்ந்து நின்றது.

விடுமுறை நாள் மதியம். பாத்தி ஓரத்து மர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்த சொப்பனம் அப்படியே கண்ணயர்ந்தாள். மஞ்சள் வெளியில் யாரோ தன்னை மெல்லத் தூக்கிப் போவதுபோல் இருந்தது. தண்ணீர் பாய்ச்ச வந்த நாத்தனார் அண்ணியை எழுப்பவில்லை. கால் நனையாதபடி குழாயைச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டு, பூப்பறிக்கப் போனாள்.