விசாலத்தின் இடப்பக்கம்: மயிலாப்பூர் கோடைச் சங்கீத வகுப்புக்குப் போய் வந்தது

எழும்பூரில் காலை ஏழரை மணிக்கு இறங்கினேன். திருநெல்வேலியிலிருந்து நானூறு மைலுக்கு மேல் ஓடி வந்த வண்டி. வழி முழுவதும் வயலின் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். இருக்கைக்கு அடியில் தள்ளிவிடும்படி பக்கத்திலிருந்த அம்மாள் இரண்டு முறை சொன்னாள். மே மாதத்தில் வண்டியின் தரை எவ்வளவு சுடும், அந்தச் சூட்டில் வயலினை ஒட்டியிருக்கும் பசை என்ன ஆகும் என்று அவளுக்கு விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஒரு பிள்ளையப் பெத்தா எல்லாம் சரியாப் போயிரும்" என்று முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள்.

என்னைக் கொண்டுவிட வந்த சித்தப்பா, பெண்கள் பெட்டிக்கு அடுத்த பெட்டியில் இருந்தார். நான் பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கும் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறவள். மயிலாப்பூரில் ஒரு சபை, கோடை விடுமுறையில் இளம் வித்தியார்த்திகளுக்கு நான்கு வாரம் சங்கீத வகுப்பு நடத்துகிறது என்று அறிந்து எழுதிப் போட்டேன், இடம் கொடுத்தார்கள்.

எழும்பூரிலிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயில், டிக்கெட் ஓரணா. புகை இல்லை, கண்ணில் கரி விழுவதில்லை. எதிரே புத்தகக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெண் கோடம்பாக்கத்தில் தனியாக எழுந்து இறங்கிப் போனாள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னோடு சித்தப்பா, அவரோடு ஒரு கூஜா, ஒரு கித்தான் படுக்கை. இந்த ஊர்ப் பெண்களிடம் எனக்குப் பொறாமை உண்டானது அந்த ரயிலில்தான். வகுப்பு அதற்குப் பிறகு வந்தது.

மாம்பலம் நிலையத்தில் ஜட்காக்காரர் நாலணா கேட்டார். பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்து, "இன்னாம்மா, பொட்டில இன்னா கீது? கொயந்த மாரி கட்டிகினு குந்திகினு கீறயே?" என்றார்.

"வயலின்."

"பிடிலா! வாசிச்சிகினே வாம்மா, குதர நல்லா ஓடும். ரெண்டணா கொறச்சிக்கிறேன்."

சித்தப்பா முறைத்தார். குதிரை வாசிப்பில்லாமலே ஓடியது.

தியாகராய நகரில் அத்தை வீடு. ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடம். ஒரு வீடு, இரண்டு காலி மனை, மறுபடி ஒரு வீடு என்று பல் விழுந்த வாய் போல் தெரு. சுவரில் இன்னும் சுண்ணாம்பு வாசனை. அத்தைக்கு இங்கே வந்து பத்து வருஷம் ஆகியும் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை. "ஏட்டி, வாட்டி! என்னட்டி இப்படி வாடிப் போயிருக்க? மெட்ராசுக்காரியள ஒரு கை பாக்க வந்தவ மொதல்ல நாலு இட்லிய ஒரு கை பாரு" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. தியாகராய நகரிலிருந்து தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை வழியாக லஸ் வரை பஸ். சுமார் மூன்று மைல். லஸ்ஸில் இறங்கி ஐந்து நிமிஷ நடையில் ஒரு பள்ளிக்கூடம். விடுமுறையாதலால் கட்டடத்தை வகுப்புக்குக் கொடுத்திருந்தார்கள். மாடியில் பெண்கள், கீழே ஆண்கள். பாட்டுக்குப் பன்னிரண்டு பெண்கள், வீணைக்கு ஏழு, வயலினுக்கு நான்கு. காலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒன்றாக ஸ்வர சாதகம். பிறகு அவரவர் வாத்தியம். பிற்பகலில் கேட்ட பாட்டை ஸ்வரப்படுத்தி எழுதும் பயிற்சி.

அன்று காலையே காரியதரிசி வந்து அறிவித்தார்: கடைசி நாள் மாலை சபையோர் முன்பு ஒரு மணி நேரக் கச்சேரி. பாடுகிறவள், பாட்டு வகுப்புப் பெண்களில் ஒருத்தியான விசாலம். அவளுக்கு வயலின் வாசிக்கப் போகிறவளை மூன்றாம் வார முடிவில் வாத்தியார் தேர்ந்தெடுப்பார்.

பாடுகிறவருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம் என்பது மேடை வழக்கம். அந்த இடப்பக்கம் எனக்கு வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். வயலினுக்கு வந்த நால்வரில் இரண்டு பெண்கள், கீர்த்தனைக்கு முந்திய பாடமான வர்ணத்தையே இன்னும் தாண்டாதவர்கள். ஆகவே போட்டி எனக்கும் நான்காமவளான அலமேலுவுக்கும்தான்.

அலமேலுவும் விசாலமும் மயிலாப்பூரில் ஒரே சுவரின் இரு பக்கத்து வீட்டுப் பெண்கள். அலமேலுவுக்குப் பதினேழு வயது, இரட்டை மூக்குத்தி, எப்போதும் ஏதாவது தின்றுகொண்டிருப்பாள். முதல் நாளே என் பெயரைக் கேட்டு, அதை உடனே மறந்து, "ஏ திருநெல்வேலி, இந்த எடத்துக்கு என்னடி ஸ்வரம்?" என்று என் பக்கம் சாய்ந்தாள்.

எழுத்துப் பயிற்சியில் அவள் தேறவேயில்லை. நான் தாளக் கோடு, அரை, கால் எல்லாம் போட்டு முடிக்கும்போது அவள் இரண்டு வரி கிறுக்கியிருப்பாள். வாத்தியார் அதைத் தூக்கிப் பிடித்து, "இது பாட்டா, மளிகை ஜாபிதாவா?" என்று கேட்பார். அவளே எல்லோருக்கும் முன்னால் சிரிப்பாள்.

இரவில் படுத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்பேன். என் பக்கம் இருப்பவை: விசாலம் பாடக்கூடிய உருப்படிகள் அத்தனையும் ஸ்வரத்தோடு மனப்பாடம், மாத்திரை பிசகாத தாளம், நான்கு வருஷமாக ஒரு நாளும் விடாத சாதகம். அலமேலுவின் பக்கம்: வில் வழுக்குகிறது, பாடம் தெரியாது, எழுத வராது. கணக்குப் போட்டால் விடை ஒன்றுதான். ஆனால் அவளுக்கு விசாலம் இருந்தாள். அதை எந்தப் பக்கம் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை மாலை எங்களை அடையாற்றுக்கு அழைத்துப் போனார்கள். பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடலோடு சேரும் முகத்துவாரம்; அடிக்கிற காற்றில் புடவையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கை போதாது. விசாலம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தனக்குள்ளேயே கல்யாணி ராகத்தை முனகிக்கொண்டிருந்தாள். அலமேலு பக்கத்தில் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய இடக்கை விரல்கள் மட்டும் வலக்கை முழங்கைக்குக் கீழே, வயலின் தந்தியின் மேல் போல நகர்ந்தன. விசாலம் ஏறினால் ஏறின, நின்றால் நின்றன. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இப்படிச் செய்கிறோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

எனக்கு நெஞ்சில் காரம் ஏறியது. நல்ல காட்சி, பார்க்க வேண்டிய இடம் என்று எல்லோரும் சொல்கிற அடையாற்றுப் பாலத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. நான் ஆற்றைப் பார்க்கவில்லை.

எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர் இரண்டு வருஷத்தில் கொழும்புக்குப் போய்விட்டார். மீதியை ஸ்வரம் அச்சிட்ட புத்தகங்களிலிருந்து நானாகக் கற்றேன். எங்கள் தெருவில் பாடுகிறவர் யாரும் இல்லை.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை பரீட்சை. என்ன பாட்டு என்று விசாலம் சொல்ல மாட்டாள். மேடையிலும் பாடகர்கள் சொல்வதில்லை. அவள் எடுக்க வேண்டும், நாங்கள் பின்தொடர வேண்டும். முதலில் நான். இரண்டு சொல் பாடியதுமே பாட்டு தெரிந்துவிட்டது. என்னிடம் ஸ்வரத்தோடு இருந்த கிருதி! பல்லவிக்கு ஐந்து சங்கதிகள்; அதாவது, ஒரே வரியை ஐந்து விதமாகப் படிப்படியாக விரித்துப் பாடுவது. ஒவ்வொன்றும் இரண்டு முறை என்பது பாடம். முதல் சங்கதி, இரண்டு முறை. இரண்டாவது, இரண்டு முறை. நான் மூன்றாவதுக்குப் போனேன். விசாலம் போகவில்லை. அவளுக்கு இரண்டாவது பிடித்துப் போய் அதிலேயே மறுபடி நின்றாள். என் வயலின் தனியாக மேலே ஏறி நின்றது.

திரும்பி வந்து சேர்ந்துகொண்டேன். அடுத்ததிலும் அப்படியே. விசாலம் பாடுவதை நிறுத்திவிட்டாள். கோபமில்லை. "நீ நேக்கு முன்னாடி முன்னாடி போயிடறே. யாரோ பின்னாலேந்து தள்ளிண்டே வராப்பல இருக்கு" என்றாள்.

வாத்தியார் பொடி டப்பாவைத் தட்டினார். "அம்மா, நீ வாசிச்சதுல ஒரு ஸ்வரம் தப்பில்லை. ஆனா அவ சொல்லப்போற சேதியை நீ முன்னாடியே ஊருக்குச் சொல்லிட்டா, அப்பறம் அவ வாயைத் தொறப்பானேன்?"

"பாடத்தில் இரண்டு முறைதான் இருக்கிறது" என்றேன்.

"பாடத்துல இருக்கு. பாடறவ இவளாச்சே?"

அடுத்து அலமேலு வாசித்தாள். வில் இரண்டு இடத்தில் கீச்சிட்டது. மற்றபடி விசாலத்தின் குரல் எங்கே முடிகிறது, வயலின் எங்கே ஆரம்பிக்கிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு தேடினேன், அகப்படவில்லை. தேர்வு அவளுக்கு. எனக்குக் கச்சேரியில் தம்பூரா.

அத்தை கேட்டதும் கொதித்தாள். "கீச்சுன்னு வாசிக்கவளுக்கா குடுத்தாவ? அவளும் அவ மூக்குத்தியும்! நீ தம்பூராவத் தொடாதட்டி. வயித்து வலின்னு சொல்லிரு." சொல்லலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அலமேலு தடுமாறினால் அதைப் பார்க்காமல் போய்விடுவேனே என்ற எண்ணம் என்னைப் போகச் செய்தது.

கடைசி நாள், மாலை ஐந்தரை மணி. கீழ்க் கூடம் நிரம்பிவிட்டது. ஜன்னலுக்கு வெளியேயும் தலைகள். நான் விசாலத்துக்குப் பின்னால் தம்பூராவோடு உட்கார்ந்தேன். அங்கிருந்து இரண்டு பேருடைய பின்கழுத்தும் தெரியும். முக்கால் மணி வரை ஒரு குறையும் இல்லை. எனக்கு அதுவே குறை.

பிறகு பிரதான உருப்படியின் சரணத்தில் அது நடந்தது. விசாலம் முதல் வரியை முடித்தாள். இரண்டாவது வரி வரவேண்டிய இடத்தில் மூன்றாவது வரி வந்தது. மறந்துவிட்டாள். என் உடம்பு அப்படியே நிமிர்ந்தது. பாடத்தின்படி வயலின் இப்போது இரண்டாவது வரிக்குப் போயிருக்க வேண்டும். குரல் ஒரு வழி, வில் ஒரு வழியாகக் கூடம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். போகவில்லை. விசாலம் வாயெடுத்த அதே கணத்தில் அலமேலுவின் வில்லும் மூன்றாவது வரியில் இருந்தது. மிருதங்கக்காரர் தலையாட்டினார். முன்வரிசையில் ஒரு பெரியவர் "ஆஹா" என்றார். இல்லாத பாட்டுக்கு அத்தனை பேரும் தாளம் போட்டார்கள்.

எனக்குள் இரண்டு எண்ணங்கள் சேர்ந்தே எழுந்தன. ஒன்று: அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் சரியாக வாசித்து விசாலத்தை அவமானப்படுத்தியிருப்பேன். மற்றொன்று: நல்ல வேளை, அலமேலுவுக்குப் பாடம் தெரியாது, தெரியாததால் தப்பித்தாள். இரண்டாவது எண்ணம் இதமாக இருந்தது. கச்சேரி முடியும் வரை அதைப் பிடித்துக்கொண்டு தம்பூராவை மீட்டினேன்.

பின் அறையில் விசாலம் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எங்கேயாவது தப்பு தெரிஞ்சுதா? சரணத்துல ஏதோ பண்ணினேன்னு தோண்றது" என்று கேட்டாள். என்னைத்தான் பார்த்துக் கேட்டாள். அந்தக் கட்டடத்திலேயே பாடம் தெரிந்தவள் நான் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஒன்றும் தெரியவில்லை" என்றேன்.

அவள் போன பிறகு அலமேலு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் சபையார் கொடுத்த லட்டு. அதில் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டி, "நோக்குத் தெரிஞ்சுது, சொல்லலை. நீ ரொம்ப நல்லவடி" என்றாள். "ரெண்டாவது வரியை முழுசா முழுங்கிட்டா, தடிச்சி! இந்த லட்டு மாதிரி."

"அந்த வரி உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? ஆறு வயசுலேந்து எங்காத்துச் சுவத்துக்கு அந்தண்டை அதைத்தானே கத்திண்டிருக்கா. மறக்கப்போறான்னு மொதல் வரியிலேயே தெரிஞ்சுடுத்து. மறக்கறத்துக்கு முன்னாடி அவளுக்குத் தோள் தூக்கும்."

"தெரிந்தும் தப்பாக வாசித்தாயா?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "அவ அங்கே போயிட்டாளே, நான் மட்டும் வேற எங்கே போறது?"

லட்டு நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இறங்கவில்லை. பாடம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் நான்கு வாரமாக என்னிடம் மிச்சமிருந்தது. அதுவும் போயிற்று.

மறுநாள் மாலை எழும்பூரில் ரயிலேறினேன். அத்தை எலுமிச்சம் சாதத்தோடு, "அடுத்த வருசமும் வாட்டி, பாத்துக்கிடலாம்" என்று ஒரு வீராப்பும் கட்டிக்கொடுத்தாள்.

வருகிற கோடையில் போக நினைக்கும் பெண்களுக்குச் சில குறிப்புகள். மாம்பலம் பக்கம் தங்கினால் வீடு சௌகரியம். மயிலாப்பூரில் தங்கினால் பஸ் செலவு மிச்சம். கொசுவலை அவசியம். வயலின் தந்தி நல்லதாக லஸ் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஸ்வரம் எழுதத் தெரிந்தால் முதல் வாரத்தில் எல்லோரும் உங்களை மதிப்பார்கள். இவற்றோடு, சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு வயதிலிருந்து கத்துகிற ஒருத்தி வேண்டும். மதராஸில் எல்லாம் கிடைக்கும் என்கிறார்கள். அவளை மட்டும் மூட்டை கட்டிக் கொண்டுவர வழியில்லை.

பொறாமை குறைந்துவிட்டது என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக முடியும். குறையவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும், தையல் சொல்லிக்கொடுக்கும் எஸ்தர் டீச்சரிடம் மத்தியான இடைவேளையில் எனக்காகப் பாடும்படி கேட்டேன். "நானா? பாட்டா? பிள்ளையெல்லாம் பயந்துரும்லா!" என்று சிரித்தாள். பிறகு சம்மதித்தாள். அவளுக்குச் சுருதி நிற்பதில்லை. பாதி வரியில் வேறு பாட்டுக்குப் போய்விடுவாள். அடுத்து எங்கே போவாள் என்பது அவளுக்கே தெரியாது. தினமும் அரைமணி நேரம் நான் வயலினை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன்.